வட்டம் போட்ட சொல்

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியம். தொண்டை மட்டும் பள்ளி திறந்த முதல் வாரத்துத் தொண்டை, உனக்குத் தெரிந்ததுதான். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? மாடிப்படியில் வழுக்கி முழங்கையில் அடி என்று எழுதியிருந்தாயே, வீக்கம் வடிந்துவிட்டதா?

இந்த வருஷமும் கவிதை வாசிப்பு வகுப்பு என் தலையில்தான். வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாடவேளை, பழைய ஆய்வுக்கூடம், பதினான்கு பிள்ளைகள். யாராவது குரலை உயர்த்தினால் கண்ணாடி அலமாரிகள் கூடவே அதிரும். அதைக் கேட்டே பாதிப் பேர் குரலை விழுங்கிவிடுகிறார்கள். முதல் நாளே ஒருத்தன் எழுந்து, "டீச்சர், கவிதைய மனசுக்குள்ளயே படிச்சா மார்க் உண்டா?" என்று கேட்டான். நான் மனசுக்குள்ளேயே மார்க் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லி உட்கார வைத்தேன்.

வழக்கமான குறிகளைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு கோடு. நின்று நிதானிக்கும் இடத்தில் இரண்டு கோடு. அப்புறம் வட்டம். எந்தச் சொல்லைக் கண்டால் பயமாக இருக்கிறதோ அதன் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டுக்கொள்ள வேண்டும். ஏன் என்று நான் கேட்கமாட்டேன். மேடையில் அந்த இடம் வரும்போது தாளிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் போதும், முதல் வரிசையில் நான் உட்கார்ந்து அவர்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். இது எங்கள் ஒப்பந்தம். பதினெட்டு வருஷமாக ஒருமுறை கூட நான் கண்ணை எடுத்ததில்லை.

பதினான்கில் ஒருத்தியின் குரல் மூன்றாம் பெஞ்சுக்கே எட்டாது. பிள்ளைகள் 'பஞ்சு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நம் வீட்டில் உனக்கு 'வெண்கலம்' என்று பெயர். நீ சமையலறையில் கூப்பிட்டால் தெருவில் போகிறவர் திரும்பிப் பார்ப்பாரே, அதில் கால் பங்கை இவளுக்குக் கடன் கொடேன்.

போன் செய்தால் ஏன் எடுப்பதில்லை?

உன்
வாயாடி


ஜூன் 21

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே எல்லோரும் நலம். முழங்கை சரியாகிவிட்டது. உன் தொண்டைக்கு வெந்நீரைத் தவிர வேறு மருந்து இல்லை, அதை நீ குடிக்கவும் மாட்டாய்.

போன் கூடத்தில் அத்தானின் மேசைமேல் இருக்கிறது. கண்ணில் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு கைக்கடிகாரம் பழுது பார்க்கக் குனிந்திருப்பவர் பக்கத்தில் நின்று நான் சிரித்துப் பேசினால் அவருக்குக் கை ஆடுகிறதாம், திருகாணி உருண்டு போகிறதாம். வீட்டில் இப்போது நானும் பஞ்சுதான் என்று வைத்துக்கொள். புது வீட்டுக்கு வந்த பிறகு கடையும் வீடும் ஒன்றாகிவிட்டதால் யார் வந்தாலும் போனாலும் அவரைத் தாண்டித்தான். ஒரு வசதி, கடிகாரம் பார்க்கவே வேண்டாம். கூடத்தில் இருபத்திரண்டு இருக்கின்றன. ஆறு மணிக்கு எல்லாம் ஒன்றாக அடிக்கும்போது நான் உள்ளே இருக்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம்.

அதனால் நீ கடிதமே எழுது. இந்த விலாசத்துக்கே எழுது, நான் வேலை செய்யும் காகிதக் கடைக்கு. முதலாளியம்மா பிரிக்காமல் என் இழுப்பறையில் வைத்துவிடுவார். உன் பதினான்கு பேருக்கும் பென்சில் அனுப்பியிருக்கிறேன். மென்மையான முனை, தாளைக் கீறாது.

அந்தப் பெண்ணைச் சத்தமாகப் பேசு என்று விரட்டாதே. மெதுவாகப் பேசுகிறவர்களுக்குக் குரல் இல்லை என்று நினைத்துவிடாதே.

அன்புடன்
அக்கா


ஜூலை 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமா? பென்சில்கள் வந்து சேர்ந்தன. ஒருத்தன் அதற்குள் கடித்துத் துப்பிவிட்டான்.

உடனே உனக்குச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். நவம்பர் ஆண்டு விழா மேடைக்கு ஆளுக்கு ஒரு சொந்தக் கவிதை எழுதச் சொன்னேன். மழை, அம்மா, நிலா, மறுபடியும் மழை. பஞ்சு எழுதியதைப் பார்:

விளக்கு எரிகிறதா என்று
தெருமுனையிலேயே பார்ப்பேன்.
எரிந்தால் மெதுவாக நடப்பேன்.
எரியாவிட்டால் இன்னும் மெதுவாக.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டால்
வீடு என்னைக் கேட்காது.

எப்படி இருக்கிறது? அதை அவள் படித்ததுதான் இன்னும் விசேஷம். ஐந்தாவது வரியில் குரல் நடுங்கியது பார், அப்படியொரு நடுக்கம். தாளும் சேர்ந்து நடுங்கியது. பதினெட்டு வருஷத்தில் இவ்வளவு இயல்பாக யாரும் நடித்து நான் பார்த்ததில்லை. 'நடுக்கம் மிக நன்று, இதை மேடை வரைக்கும் விட்டுவிடாதே' என்று தாளிலேயே எழுதி, பத்துக்கு ஒன்பதரை போட்டேன்.

கடைசி வரியில் 'வீடு' என்ற சொல்லின் பக்கத்தில் ஒரு வட்டம். இவ்வளவு சின்னச் சொல்லுக்கு என்ன பயம் என்று எனக்குச் சிரிப்புதான். "வீட்டுக்குப் போய் அந்த ஒரு வார்த்தைய மட்டும் பத்து தடவ சத்தமா சொல்லிப் பழகு" என்றேன். தலையாட்டினாள்.

27ஆம் தேதி பெற்றோர் கூட்டம். அவளுடைய அப்பா வந்தால் இந்தப் பெண்ணிடம் என்ன இருக்கிறது என்று சொல்லியே ஆக வேண்டும்.

உன்
வாயாடி


ஜூலை 29

வாயாடிக்கு,

உன் கடிதம் கடையில் பத்து நாளுக்கு மேல் கிடந்திருக்கிறது. எனக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லை, வெளியே வர முடியவில்லை. இன்றுதான் வந்தேன், இன்றுதான் பார்த்தேன். தபால் கட்டு போகுமுன் எழுதுகிறேன், நலம் விசாரிக்கக்கூட நேரமில்லை.

அது நடிப்பு இல்லை.

நான்கு முறை படித்துவிட்டேன். செருப்பைக் கையில் எடுப்பது எதற்கு என்று அவளைக் கேட்டாயா? விளக்கு எரிந்தால் அவன் விழித்திருக்கிறான், பார்த்துப் போகலாம். எரியாவிட்டால் இருட்டில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்று தெரியாது. அதனால்தான் இன்னும் மெதுவாக.

அவளிடம் 'உன்னை யாராவது அடிக்கிறார்களா' என்று மட்டும் கேட்காதே. இல்லை என்பாள். வீட்டில் எந்தக் கதவு சத்தம் போடும் என்று கேள். யோசிக்காமல் பதில் சொன்னாள் என்றால் உனக்குத் தெரிந்துவிடும். தனியாக இருக்கும்போது கேள். அவள் அப்பாவிடம் எதுவும் சொல்லாதே. அந்தக் கவிதையை அவர் கண்ணில் காட்டவே காட்டாதே.

இது 27க்கு முன் உன்னிடம் வந்திருக்க வேண்டிய கடிதம்.

அக்கா


ஆகஸ்ட் 5

அக்கா,

காட்டிவிட்டேன்.

உன் கடிதம் இன்று வந்தது. பள்ளி வாசலிலேயே பிரித்தேன்.

27ஆம் தேதி அவர் வந்தார். தேய்த்த சட்டை, பணிவான பேச்சு, ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராம். நான்தான் வலியப்போய் உட்கார வைத்து, "உங்க பொண்ணு வீட்டப் பத்தி எவ்வளவு அழகா எழுதிருக்கா பாருங்க" என்று தாளை நீட்டினேன். ஒருமுறை படித்தார். இன்னொரு முறை படித்தார். சிரித்தார். "நல்லாத்தான் எழுதிருக்கா. இத நான் வச்சுக்கலாமா டீச்சர்?" என்றார். தாராளமாக என்றேன், அக்கா. தாராளமாக என்றேன். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பஞ்சு பக்கத்தில் நின்று அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. கூச்சம் என்று நினைத்து அவள் கன்னத்தைத் தட்டினேன்.

மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கு வரவில்லை. இன்றோடு ஒன்பது நாள். காய்ச்சல் என்று சீட்டு வந்திருக்கிறது, அப்பாவின் கையெழுத்தில்.

சாப்பிட முடியவில்லை. அவள் உட்காரும் பெஞ்சைப் பார்க்க முடியவில்லை. பத்து முறை சத்தமாகச் சொல்லிப் பழகு என்றேனே. அந்த வீட்டில் நின்றுகொண்டு அவள் அதை எப்படிச் சொல்லியிருப்பாள்? வட்டம் போட்டால் கண்ணெடுக்காமல் பார்ப்பேன் என்று ஒப்பந்தம் பேசியவள் நான். வட்டத்தைப் பார்த்துச் சிரித்தவளும் நான்தான்.

என்ன செய்வது? போகட்டுமா? போனால் இன்னும் மோசமாகுமா? உடனே எழுது.

வாயாடி


ஆகஸ்ட் 9

வாயாடிக்கு,

அழுவதைப் பிறகு வைத்துக்கொள். சொல்வதைக் கேள்.

தனியாகப் போகாதே. தலைமையாசிரியையைக் கூட்டிக்கொண்டு போ. குழந்தைகள் நல அலுவலகத்தில் ஒரு அதிகாரி இருப்பார், அவரிடம் இன்றே எல்லாவற்றையும் சொல்லி அவரையும் அழைத்துக்கொள். பட்டப்பகலில் போங்கள். போகிறோம் என்று முன்கூட்டித் தெரிவிக்காதே. கையில் பதிவேடோ ஏதோ ஒரு பள்ளி வேலை இருக்கட்டும். சும்மா வந்தவர்களை வாசலோடு அனுப்பிவிடலாம், வேலையாக வந்தவர்களை உட்காரச் சொல்லித்தான் ஆக வேண்டும். மூன்று பேர் கண்ணுக்கு முன்னால் அவன் வேறு ஆள்.

உள்ளே போனதும் அவனைப் பார்க்காதே. அவளைப் பார். அவள் வெளியே வருவதற்கு ஒரு காரணத்தை நீயே கொண்டு போ. ஒத்திகை இருக்கிறது, நீ வந்தே தீர வேண்டும் என்று சொல். காரணத்தை அவளே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடாதே. அவளால் முடியாது.

இன்னொன்று. இதுதான் முக்கியம். யாராவது வரமாட்டார்களா என்று நாளெல்லாம் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள், வந்து நிற்பவரிடம் 'ஒன்றுமில்லை, போய் வாருங்கள்' என்றுதான் சொல்வார்கள். அவன் கேட்டுக்கொண்டிருக்கும்போது வேறு எதுவும் சொல்ல முடியாது. அந்தப் பேச்சை நம்பித் திரும்பிவிடாதே.

முடிந்ததும் எழுது. நான் நலம்.

அக்கா


செப்டம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் நல்ல செய்தி. பஞ்சு பத்திரமாக இருக்கிறாள்.

நீ சொன்னபடியே மூன்று பேராகப் போனோம். அவள் அப்பா வாசலிலேயே நின்று, "காய்ச்சல் இன்னும் விடல, யாரையும் பாக்க வேணாம்னு டாக்டர் சொல்லிருக்கார்" என்றார். வருகைப் பதிவேட்டில் நேரில் பார்த்துக் கையெழுத்து வாங்கணும் என்று தலைமையாசிரியை பொய்யை அவ்வளவு அழகாகச் சொன்னார். பஞ்சு வந்து நின்றாள். அந்த வெயிலிலும் கழுத்து வரை துணி சுற்றியிருந்தாள். "ஒண்ணுமில்ல டீச்சர். நல்லாருக்கேன். நீங்க போய்ட்டு வாங்க" என்றாள். அப்படியே நீ எழுதிய வரி.

திரும்பவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஒத்திகைக்கு அவள் இல்லாமல் முடியாது, கையோடு கூட்டிப் போகிறோம் என்றேன். மூன்று பேர் முன்னால் அவரால் மறுக்க முடியவில்லை. எந்தக் கதவு சத்தம் போடும் என்று பள்ளிக்கு வந்த பிறகு கேட்டேன். "பின்கதவு, டீச்சர். ஆனா கொஞ்சம் தூக்கிப் பிடிச்சா சத்தம் வராது" என்று டக்கென்று சொன்னாள். அதிகாரியம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார். இப்போது அவள் தன் அம்மாவின் தங்கையான சித்தி வீட்டில் இருக்கிறாள். வழக்கு நடக்கிறது. வெள்ளிக்கிழமை வகுப்புக்கு வருகிறாள்.

இனி நான் கேட்பதற்கு நீ பதில் சொல்ல வேண்டும்.

நேற்று பள்ளி விட்டதும் ஆய்வுக்கூடத்தைச் சாத்திக்கொண்டு உன் கடிதங்களை எடுத்து வைத்துச் சத்தமாகப் படித்தேன். பிள்ளைகளுக்குச் சொல்வது போலவே, மூச்சு விட்டு, நிறுத்தி. கண்ணால் படிக்கும்போது உன் கேலியும் சிரிப்பும்தான் தெரிந்தது. வாயால் படித்தால் ஆறு மணிக்குள் உள்ளே இருக்க வேண்டும் என்ற இடத்தில் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. பத்து நாள் வெளியே வர முடியவில்லை என்ற இடத்தில் நின்றது. செருப்பைக் கையில் எடுப்பது எதற்கு என்று உனக்கு எப்படித் தெரியும், அக்கா? எந்தக் கதவு சத்தம் போடும் என்று கேட்கத் தெரிந்தவள் அதை எங்கே கற்றுக்கொண்டாள்?

அந்தப் பெண்ணின் நடுக்கத்துக்கு ஒன்பதரை மார்க் போட்டேன். உனக்கும் அதையேதான் இத்தனை நாள் செய்திருக்கிறேன். எவ்வளவு நன்றாக எழுதுகிறாள் என் அக்கா என்று ஆசிரியர் அறையில் பெருமையடித்துக்கொண்டிருக்கிறேன்.

அத்தான் உன்னிடம் எப்படி நடந்துகொள்கிறார்? எனக்குப் பயமாக இருக்கிறது. எழுத முடியாவிட்டால் எழுத வேண்டாம். வட்டம் போடு. எந்தச் சொல்லின் பக்கத்தில் வேண்டுமானாலும் போடு. இந்தமுறை சிரிக்கமாட்டேன்.

உன்
வாயாடி


அக்டோபர் 6

அன்புள்ள வாயாடிக்கு,

நலமா? இங்கே நலம். பஞ்சுவின் செய்தியைப் படித்து முதலாளியம்மாவிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன். அந்தச் சித்தி நல்லவராக இருக்கட்டும்.

பதில் எழுத இத்தனை நாளாகிவிட்டது என்று கோபிக்காதே. இன்று கடையில் எனக்குக் கடைசி நாள். வீட்டில் வேலை நிறைய இருக்கிறது, வெளி வேலை எதற்கு என்று அத்தான் சொல்கிறார். சரிதான். இனி வீட்டு விலாசத்துக்கே எழுது. தபால்காரர் வாசலில் அவரிடம்தான் கொடுப்பார். அவர் படித்துவிட்டு எனக்கும் கொடுப்பார். அதை நினைவில் வைத்துக்கொண்டு எழுது. அவருக்கும் சேர்த்து எழுது, மகிழ்வார்.

நீ கேட்டதைச் சரக்கு அறையில் காகிதக் கட்டுகளுக்கு நடுவே நின்று படித்தேன். நீ எப்போதும் இப்படித்தான், சின்னதைப் பெரிதாக்கிக் கவிதையாக்கிவிடுவாய். ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு மாதிரி. நான் நன்றாக இருக்கிறேன். இனிமேல் அதைக் கேட்டு எழுதாதே. தயவுசெய்து எழுதாதே. உன் பழைய கடிதங்கள் எதையும் நான் வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை. எல்லாம் இழுப்பறையில்தான் இருக்கின்றன. முதலாளியம்மா பூட்டிச் சாவியை வைத்துக்கொள்வார்.

புறப்படும்போது எனக்கென்று ஒரு பேனா வாங்கிக்கொண்டேன். மூடியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மணி ஐந்தே கால் ஆகிவிட்டது. நான் கிளம்ப வேண்டும்.

அக்கா


நவம்பர் 10

அன்பும் மரியாதையும் நிறைந்த அத்தானுக்கும், அன்புள்ள அக்காவுக்கும்,

இங்கே நான் நலம். அங்கே நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆண்டு விழாவுக்கு அழைப்பிதழ் அனுப்பியிருந்தேன். வேலை மிகுதியால் வர முடிந்திருக்காது. பரவாயில்லை.

விழா சிறப்பாக நடந்தது. பதினான்கு பிள்ளைகளும் மேடையேறினார்கள். பென்சிலைக் கடித்தவன் பாதியில் மறந்துபோய், ஆரம்பத்திலிருந்தே இன்னொரு முறை சொல்லி இரட்டைக் கைத்தட்டல் வாங்கினான். மெல்லிய குரல்காரி ஒருத்தியும் இருக்கிறாள், அவளும் படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள். மறந்துவிட்டாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். பிறகு தாளிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். நான் முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். பார்த்த பிறகு மிச்சத்தைச் சொல்லி முடித்தாள். கடைசி வரிசைக்கும் கேட்டது.

அக்கா, உன் பக்கத்து விஷயம் ஏதாவது இரண்டு வரி எழுது. எதுவாக இருந்தாலும் சந்தோஷம். அத்தான், உங்கள் தொழில் எப்படி நடக்கிறது? எங்கள் பள்ளிக் கடிகாரம் பத்து இருபதில் நின்றுவிட்டது. உங்களைப் போன்ற கைதேர்ந்தவர் இங்கே யாரும் இல்லை.

வணக்கத்துடன்
தங்கை


நவம்பர் 18

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே அனைவரும் நலம் ○. உன் கடிதம் கிடைத்தது. அவர்தான் எனக்குப் படித்துக் காட்டினார் ○. விழா நன்றாக நடந்தது குறித்து மகிழ்ச்சி.

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. வீட்டில் ○ நாள் முழுவதும் வேலை இருக்கிறது. வெளியே போக நேரமே இருப்பதில்லை ○. போன வாரம் மாடிப்படியில் ○ மறுபடியும் வழுக்கிவிட்டது, என் கவனக்குறைவுதான். இப்போது பரவாயில்லை. எழுதும் கை நன்றாகவே இருக்கிறது.

உனக்குப் பள்ளியில் வேலை அதிகம். பிள்ளைகளை விட்டுவிட்டு அலையாதே. எங்களைப் பார்க்க வர வேண்டாம் ○. உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு
அக்கா

பின்குறிப்பு: மச்சினிக்கு அத்தான் எழுதுவது. உங்கள் கடிதங்கள் நல்ல பொழுதுபோக்கு. உங்கள் அக்காவுக்கு இப்போது எழுத்தில் கவனம் குறைந்துவிட்டது. நடுநடுவே வட்டம் வட்டமாகப் போட்டு வைத்திருக்கிறாளே, இது என்ன என்று கேட்டேன். புதுப் பேனா எழுதுகிறதா என்று பார்த்தாளாம். தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்துவிட்டேன். வெறும் வட்டம்தான். படிப்பவர்களுக்கு அசிங்கமாக இருக்குமே என்று சொல்லி இனி பேனாவை நானே வாங்கி வைத்துக்கொள்வதாக இருக்கிறேன்.


நவம்பர் 22, சனிக்கிழமை, காலை பத்து மணி

அக்கா,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப்போவதில்லை. உன் தெருமுனையில் இருக்கும் பேக்கரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கிருந்து பார்த்தால் கடிகாரக் கடைப் பலகை தெரிகிறது, பாதி திறந்த கதவு தெரிகிறது. நீ தெரியவில்லை.

உன் கடிதம் நேற்று மதியம் வந்தது. வகுப்பில் வைத்தே பிரித்தேன். ஆறு வட்டம். ஒவ்வொன்றுக்கும் நிமிர்ந்து பார்த்தேன், எதிரே பதினான்கு பிள்ளைகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி வட்டம் 'வேண்டாம்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்குப் பிறகு எனக்குப் பின்குறிப்பைப் படிக்கும் தைரியம் வரவில்லை. பஞ்சுதான் எழுந்து வந்து, தாளை என் கையிலிருந்து வாங்காமலே எட்டிப் பார்த்தாள். "யாரு டீச்சர் போட்டது?" என்றாள். எங்க அக்கா என்றேன். "அப்ப போங்க டீச்சர், இங்க ஏன் உக்காந்திருக்கீங்க?" என்றாள். அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது, அக்கா. அவள் குரலுக்கு.

வரும் வழியில் காகிதக் கடைக்குப் போனேன். முதலாளியம்மா சாவியை எடுத்து இழுப்பறையைத் திறந்து என் கடிதங்களைக் கட்டாகக் கொடுத்தார். மாடிப்படியில் விழுந்ததைப் பற்றி உங்களிடம் சொன்னாளா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அவங்க வீட்டுக்கு மாடியே இல்லையேம்மா" என்றார். நீ வீடு மாறி இரண்டு வருஷம் ஆகிறது. ஒருமுறையாவது வந்திருந்தால் எனக்கும் அது தெரிந்திருக்கும்.

எனக்கு உயிர் போகிற பயம். அவர் என்னை ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை, அதனால்தான் இன்னும் பயம். உள்ளே போனதும் பல்லைக் காட்டி வாங்க மச்சினி என்பார். நான் தடுமாறிவிடுவேனோ என்று பயம். எல்லாவற்றையும் விட நீ என்ன சொல்லப்போகிறாய் என்பதை நினைத்தால்தான் பயம். இப்போது என் கை நடுங்குவது எழுத்திலேயே தெரியும். இதற்கு மார்க் போட்டுவிடாதே.

ஆனாலும் எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவள் நீதான், ஒரு வரி விடாமல் செய்திருக்கிறேன். தனியாக வரவில்லை. தலைமையாசிரியை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், பள்ளிக் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு. பஸ்ஸில் அதைக் குழந்தை மாதிரி அணைத்துப் பிடித்து வந்தார். இந்த ஊர்ப் பெண்கள் பாதுகாப்பு அதிகாரி ஒருவரும் வந்து சேர்ந்துவிட்டார். நேற்றே போனில் எல்லாம் சொல்லிவிட்டோம். முன்கூட்டித் தெரிவிக்கவில்லை. பட்டப்பகல். வேலையாக வந்தவர்கள், எனவே உட்காரச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நீ வெளியே வருவதற்குக் காரணத்தையும் கொண்டு வந்திருக்கிறேன். பள்ளியில் ஒரு வாரம் வாசிப்பு முகாம். கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும் ஒரு வெண்கலக் குரல் வேண்டும். பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், இது மட்டும் பொய் இல்லை. துணிமணி எதுவும் எடுக்க வேண்டாம். செருப்பைப் போட்டுக்கொண்டு வா, கையில் எடுக்காதே.

நீ என்னிடம், "ஒண்ணுமில்ல, நல்லாருக்கேன், போய்ட்டு வா" என்பாய். அவர் கேட்டுக்கொண்டிருப்பார், வேறு என்ன சொல்வாய்? தாராளமாகச் சொல். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன்.

அதிகாரியம்மா எழுந்துவிட்டார். இதை மடித்து என் கைக்குள் வைத்துக்கொள்கிறேன், பஸ் ஏறிய பிறகு நீயே படித்துக்கொள். நாங்கள் தெருவைத் தாண்டி வருகிறோம். கடிகாரத்தை மேசைமேல் வைக்கும் சத்தம் உனக்கு உள்ளே கேட்கும். கேட்டதும் நிமிர்ந்து பார், அக்கா. நான் முதல் வரிசையில் இருக்கிறேன்.

உன்
வாயாடி